ஓர்கெல்: கருவியின் பெயரும் மக்களின் குரலும்

நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதித் தொழிலில் இருக்கிறார். தொழில் நிமித்தம் நெதர்லாந்து நாட்டிற்குச் சென்று திரும்பியவர், ஹார்லெம் நகரத்துப் பெரிய கோவிலில் வாங்கிய வண்ணப்பட அட்டை ஒன்றை நமக்குக் கொண்டுவந்து தந்தார். கோவிலின் மேற்குச் சுவரை முழுதும் மறைத்து நிற்கும் மாபெரும் இசைக்கருவியின் படம் அது. வெள்ளியென மின்னும் குழல்கள், பொன் பூசிய மரச்சிற்பங்கள், உச்சியில் சிங்கங்கள். படத்தின் கீழே அந்நாட்டு மொழியில் 'ஓர்கெல்' என்று அச்சிட்டிருந்தது.

"நம்ம ஆர்கன்தானுங்க சாமி இது? அப்புறம் ஏனுங்க கடைசியில 'ல்' போட்டிருக்குது?" என்று கேட்டார்.

"அது அவர்கள் மொழி வழக்கம், தம்பி" என்று அப்போதைக்குச் சொல்லி அனுப்பிவிட்டோம். ஆனால் கேள்வி நம்மை விடவில்லை. குருமடத்து நாட்களில் வாங்கிய கிரேக்க அகராதியைத் தூசி தட்டி எடுத்தோம். ஓர் எழுத்தின் மாற்றத்தைத் தேடப் போன நாம், நம் சொந்தப் பங்கின் ஞாயிறு திருப்பலியில் வந்து நின்றோம். அந்த வழியை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

'ன்' எப்படி 'ல்' ஆயிற்று?

கிரேக்க மொழியில் 'ஓர்கனோன்' என்பது மூலச்சொல். இலத்தீன் அதை 'ஓர்கனும்' என்று ஏற்றுக்கொண்டது. அதன் பன்மை 'ஓர்கனா'. ஒரே கருவிக்குள் பல குழல்கள் இருந்தமையால், ஒரு கருவியையே பன்மையில் 'ஓர்கனா' என்று சொல்லும் வழக்கம் இடைக்காலத்தில் பரவியது. பிரெஞ்சு மொழியில் ஒரு பெரிய ஆர்கனைப் பன்மையில் சுட்டும் வழக்கம் இன்றும் உண்டு.

இந்தப் பன்மைச் சொல்லே செருமானிய மொழிகளுக்குள் நுழைந்தபோது ஒருமையாகிவிட்டது. மக்கள் வாயில் புழங்கப் புழங்க இறுதி னகரம் லகரமாகத் திரிந்தது. இடைக்கால டச்சு மொழியில் னகர வடிவமும் லகர வடிவமும் வழங்கி, இறுதியில் 'ஓர்கெல்' என்பது நிலைத்தது. செருமன் மொழியிலும் அதுவே. ஆங்கிலமோ இலத்தீனுக்கு நெருங்கி நின்று னகரத்தைக் காத்துக்கொண்டது. நாம் 'ஆர்கன்' என்பது ஆங்கிலத்தின் வழி வந்தது.

தமிழருக்கு இது வியப்பன்று. லகரமும் னகரமும் நா நுனி ஏறத்தாழ ஒரே இடத்தைத் தொடப் பிறக்கும் ஒலிகள். 'சொல்'லும் 'மாலை'யும் சேர்ந்தால் 'சொன்மாலை' ஆவதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். பந்தல் பந்தர் ஆவதையும், நிலம் நிலன் ஆவதையும் 'போலி' என்று நம் இலக்கணிகள் வகுத்து வைத்தார்கள். இளைஞரின் கேள்விக்கு நேர் விடை இவ்வளவே. ஆனால் சொல்லின் உடல் மாறிய கதையைவிட அதன் உயிரான பொருளின் கதை பெரிது.

வேலைக்குரிய கருவி

'ஓர்கனோன்' என்ற சொல்லுக்கு முதற்பொருள் இசையன்று. வேலை செய்ய உதவும் கருவி என்பதே. தச்சனின் உளியும் மருத்துவனின் கத்தியும் 'ஓர்கனோன்'தான். குருமடத்தில் மெய்யியல் பயின்றபோது, அரிஸ்டாட்டிலின் தருக்க நூல்களின் தொகுதிக்கும் அதுவே பெயர் என்று கற்றோம். தருக்கம் அறிவுக்குக் கருவி என்பது அப்பெயரின் கருத்து. கண்ணும் காதும் உயிருக்குக் கருவிகள் என்பதால் உடலுறுப்புக்கும் அச்சொல் சென்றது.

அச்சொல்லின் வேர், 'எர்கோன்' என்ற மற்றொரு கிரேக்கச் சொல்லின் வேரே. 'எர்கோன்' என்றால் வேலை, பணி. ஆங்கிலத்தின் 'ஒர்க்', டச்சு மொழியின் 'வெர்க்' ஆகியவையும் அதே தொன்மையான வேரிலிருந்து முளைத்தவை. ஆர்கனின் ஒவ்வொரு குழல் வரிசைத் தொகுதியையும் டச்சுக் கைவினைஞர்கள் 'வெர்க்' என்றே அழைத்தார்கள்: தலைமைத் தொகுதி 'ஹோஃப்ட்வெர்க்', இசைப்பவரின் முதுகுப்புறம் நிற்பது 'ரூக்வெர்க்'. பிரிந்துபோன உறவினர் இருவர் ஒரே கூரையின்கீழ் மீண்டும் குடியிருப்பது போன்றது இது.

இன்னோர் உறவினரும் உண்டு. திருவழிபாட்டைக் குறிக்கும் 'லெய்தூர்கியா' என்ற சொல்லின் பிற்பகுதியும் இந்த 'எர்கோன்'தான். முற்பகுதி மக்களைக் குறிப்பது. ஏதென்சில் செல்வர் தம் பொருளைச் செலவிட்டு ஊருக்காகச் செய்த பொதுப்பணிக்கு அப்பெயர் இருந்தது. பின்னர் அது ஆலய வழிபாட்டின் பெயராயிற்று. ஆர்கனும் திருவழிபாடும் ஒரே வேரின் இரு கிளைகள்: ஒன்று பொதுப்பணி, மற்றது பணிக்கு உதவும் கருவி. எது எதற்காக என்பதைச் சொற்களே சொல்லிவிடுகின்றன.

நம் மொழியை எண்ணிப் பாருங்கள். உழவனின் கலப்பையும் கருவி; யாழும் கருவி. புலன்களையும் மனத்தையும் 'கருவி கரணங்கள்' என்பது நம் சமய மரபு. கிரேக்கச் சொல்லுக்கு இருந்த மூன்று பொருளும் இந்த ஒரே தமிழ்ச் சொல்லுக்கு உண்டு. தொல்காப்பிய உரியியலோ 'கருவி' என்பதற்குத் 'தொகுதி' என்றும் பொருள் தருகிறது. பல குழல்களின் தொகுதியைப் பன்மையில் அழைத்த இடைக்கால இலத்தீன் நினைவுக்கு வருகிறது. இரு மொழிகளுக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. தனித்தனியே நடந்த இரண்டு இனங்கள் ஒரே உண்மையைக் கண்டிருக்கின்றன.

நம் முன்னோர் இசைக்கருவிகளை ஐந்தாக வகுத்தார்கள்: தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு. ஐந்தாவதைக் கவனியுங்கள். மிடறு என்பது மனிதனின் தொண்டை. பாடும் குரலையும் கருவிகளின் வரிசையிலேயே அமர்த்தினார்கள். இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

அரங்கிலிருந்து ஆலயத்திற்கு

ஆர்கன் கோவிலில் பிறந்த கருவியன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தெசிபியுஸ் என்ற பொறியாளர், நீரின் அழுத்தத்தால் காற்றைச் சீராக்கிக் குழல்களில் செலுத்தும் கருவியை அமைத்தார். உரோமையரின் விளையாட்டு அரங்குகளில் அது முழங்கிற்று. மனிதர் ஒருவரையொருவர் வெட்டி மாய்த்த அரங்கின் இசையைத் தொடக்கத் திருச்சபை வழிபாட்டில் சேர்க்காததில் வியப்பில்லை.

புனித அகுஸ்தினார் திருப்பாடல்களுக்கு எழுதிய விளக்கவுரையில் இச்சொல்லைத் தொடுகிறார். இசைக்கருவி எல்லாவற்றிற்கும் 'ஓர்கனா' என்பது பொதுப்பெயர். துருத்தியால் காற்றூதி இசைக்கும் பெரிய கருவிக்கு அது சிறப்புப் பெயராகவும் வழங்குகிறது என்பது அவர் தரும் விளக்கம். பொதுச்சொல் ஒரு பொருளுக்கே உரியதாகச் சுருங்கிக்கொண்டிருந்த காலத்தை அவர் எழுத்தில் காண்கிறோம்.

கி.பி. 757இல் பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன், பிராங்கு மன்னர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். அப்போதும் அது அரசவையின் அணிகலனே. அதன்பிறகே அது மெல்ல மெல்லத் துறவு மடங்களுக்கும் பேராலயங்களுக்கும் வந்தது. மின்சாரம் வரும்வரை அதன் பெருந்துருத்திகளை ஆட்கள் மிதித்தும் அழுத்தியும் இயக்கினார்கள். கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதுபவரைப் போல, அவர்கள் உழைப்பில்தான் குழல்கள் பாடின.

வாய் மூடிய ஓர்கெல்

ஹார்லெம் கோவிலுக்குத் திரும்புவோம். 1559இல் ஹார்லெம் மறைமாவட்டம் நிறுவப்பட்டபோது அது கத்தோலிக்கப் பேராலயமாயிற்று. 1578இல் சீர்திருத்த சபையினர் வசமாயிற்று. அட்டையில் உள்ள ஓர்கெல் அதற்குப் பிற்பட்டது. 1735 முதல் 1738 வரை கிறிஸ்டியன் முல்லர் அமைத்தது. சுமார் ஐயாயிரம் குழல்கள் கொண்டது. 1766இல் பத்து வயதுச் சிறுவன் மோட்சார்ட் அதை வாசித்திருக்கிறான்.

ஆனால் அந்நாட்டில் ஓர்கெலுக்கு ஒரு சோதனைக் காலம் இருந்தது. 1574லும் 1578லும் டோர்டிரெக்ட் நகரில் கூடிய சீர்திருத்த சபையின் மன்றங்கள், வழிபாட்டில் ஓர்கெல் வேண்டாம் என்ற நிலையை எடுத்தன. பொருள் விளங்காத ஒலி நம்பிக்கையை வளர்க்காது என்பது அவர்கள் எண்ணம். மக்கள் தம் தாய்மொழியில், தம் வாயால் திருப்பாடல்களைப் பாட வேண்டும் என்றார்கள். அவர்களுடைய இந்த ஆவலை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. நம் திருச்சபையில் மக்கள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அங்கே ஊரே பாடிற்று.

பல நகரங்களில் ஓர்கெல் நகராட்சியின் சொத்து. ஆகவே அதை உடைக்கவில்லை. வழிபாட்டு நேரத்தில் மட்டும் அது வாய் மூடியது. ஆம்ஸ்டர்டாமின் பழைய கோவிலில் புகழ்பெற்ற இசைஞர் ஸ்வேலிங்க் வழிபாட்டிற்கு வெளியேதான் தம் திறமையைக் காட்ட முடிந்தது.

துணையின்றிப் பாடிய சபையின் நிலை என்னவாயிற்று? 1641இல் கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ் என்ற கவிஞர் இதைப் பற்றியே ஒரு சிறு நூல் வெளியிட்டார். பாட்டு சுருதியும் ஒழுங்கும் இழந்து கிடப்பதை எடுத்துக்காட்டி, மக்களின் குரலுக்கு வழிகாட்டியாக ஓர்கெலைப் பயன்படுத்தலாமே என்று வாதாடினார். காலப்போக்கில் அவர் கருத்தே வென்றது. ஓர்கெல் திரும்பிவந்தது, இம்முறை மக்களின் பாட்டைத் தாங்கும் பணியாளாக வந்தது.

நம் கரைக்கு வந்த ஒல்லாந்தர்

அதே நூற்றாண்டில்தான் ஒல்லாந்தர் நம் கரைகளைப் பிடித்தார்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் ஆகிய மூன்றும் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து அவர்கள் கைக்கு மாறின. அவர்கள் தமிழில் விட்டுச்சென்ற சொற்கள் சுவையானவை: 'துட்டு' அவர்களின் செப்புக்காசு, யாழ்ப்பாணத்தார் அலுவலகத்தைச் சொல்லும் 'கந்தோர்' அவர்களுடையது, 'கக்கூசு'ம் அவர்கள் தந்ததே. காசும் கணக்கும் கழிவறையும் தமிழில் தங்கின, 'ஓர்கெல்' தங்கவில்லை. போர்த்துக்கீசியர் வழி வந்தவற்றில் சாவி, மேசை, சன்னல் ஆகியவற்றோடு 'பாதிரி'யும் 'குருசு'ம் உண்டு. வந்தவர் எதைப் பகிர்ந்துகொண்டார்களோ அதற்கேற்பவே சொற்கள் தங்குகின்றன போலும்.

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய கோவிலில் ஒரு மணி இருந்தது. அதில் பொறித்திருந்த ஆண்டு 1648. பெயர் 'யாழ்ப்பாணத்துப் புதுமை மாதா'. கத்தோலிக்கக் கோவிலுக்காக வார்த்த மணி அது. மரியன்னையின் பெயரைத் தாங்கிய அம்மணி, மரியன்னை வணக்கத்தை ஏற்காத வழிபாட்டிற்கு ஒலித்தது. 1990இல் கோட்டையில் நடந்த போரில் அக்கோவில் அழிந்தது.

யாழ்ப்பாணக் கத்தோலிக்கரின் கோவில்கள் பறிபோயின. குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், அவர்களுக்கு இடம் கொடுப்பது குற்றமாயிற்று. ஆர்கனும் மணியும் பீடமும் இல்லாமல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். 1687இல் கோவாவிலிருந்து புனித யோசேப்பு வாஸ் மாறுவேடத்தில் வந்து இறங்கினார். சில்லாலை போன்ற ஊர்களில் அவர் கண்டது வெற்றுச் சாம்பலை அன்று. சாம்பலுக்கடியில் கனன்ற நெருப்பை. நம்பிக்கை வீடுகளில் உயிரோடிருந்தது. 1711இல் இறந்த அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரி 14 அன்று கொழும்பில் புனிதராக அறிவித்தார்.

அவர் வழிவந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742) சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். ஆண்டவரின் பாடுகளைப் பற்றிய அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. ஐந்து கருவிகளில் நான்கைப் பிறர் பறிக்கலாம். ஐந்தாவதைப் பறிக்க இயலவில்லை.

இதே நேரத்தில் ஒல்லாந்து நாட்டிலேயே கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபட முடியாமல் வீடுகளுக்குள் ஒளிந்து கும்பிட்டார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிகர் வீட்டின் மச்சில் 1663 வாக்கில் அமைத்த கோவில் இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. சில்லாலைக் குடிசையும் ஆம்ஸ்டர்டாம் மச்சும் ஒரே திருச்சபையாக இருந்தன.

கொங்கு மண்ணில்

ஒல்லாந்தர் கொங்கு நாட்டிற்கு வரவில்லை. நம் மண்ணில் கருமத்தம்பட்டியில் 1640இலேயே மதுரை மறைப்பணித்தளத்துச் சேசு சபையார் வித்திட்டார்கள். பின்னர் சேசு சபை ஒடுக்கப்பட்டு, குருக்கள் மிக அருகிப்போன காலங்களில் நம் ஊர்களைக் காத்தவர்கள் உபதேசியார்கள். குருவானவர் எப்போதோ வருவார். உபதேசியார் முன்பாடுவார், ஊர் பின்பாடும். அதுதான் பாடகற்குழு. 1850இல் கோவை தனி மறைப்பணி மாநிலமாகி, ஆயர் மரியோன் பிரெசியாக் அதன் தலைவரானபோது, அவருக்குக் காத்திருந்தவர்கள் இப்படிப் பாடியே நிலைத்த மக்கள்.

கருவி பிறகு வந்தது. பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் 1842இல் உரிமம் பெற்ற ஆர்மோனியம், குழலில்லாத சிறு ஆர்கன். கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைக் கையால் துருத்தியடிக்கும் பெட்டியாக்கினார். தரையில் அமர்ந்து பாடும் நமக்கு அது பொருந்திற்று. அனைத்திந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை விலக்கி வைத்திருந்தபோதும், நம் கோவில்களில் அது விலகவில்லை. இப்போது மின்னணு விசைப்பலகை வந்துவிட்டது. நம் மக்கள் அதையும் 'ஆர்கன்' என்கிறார்கள்.

திருச்சபை இதில் தெளிவாகவே பேசியிருக்கிறது. 1903இல் புனித பத்தாம் பத்திநாதர், கருவி பாட்டைத் தாங்க வேண்டுமே தவிர அமுக்கலாகாது என்று கற்பித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் குழல் ஆர்கனுக்குரிய மதிப்பைக் கூறிவிட்டு, தகுதியான பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. 1967இல் வந்த திருவழிபாட்டு இசை பற்றிய ஏடு, பாட்டின் சொற்கள் கேட்காதபடி கருவி மேலோங்கலாகாது என்று எச்சரித்தது. இவற்றையெல்லாம் படித்த நாம்தான் பின்வரும் தவற்றைச் செய்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கு மக்கள் பணம் திரட்டி ஒரு விசைப்பலகை வாங்கினார்கள். நாமே மந்திரித்தோம். பெரிய ஒலிபெருக்கிகளும் உடன் வந்தன. தாளமும் அதிலேயே, வயலினும் அதிலேயே. கோவில் நிறைந்து முழங்கியது. வந்தவர்கள் பாராட்டினார்கள், நமக்கும் பெருமையாக இருந்தது.

கடந்த தவக்காலத்தில் ஒரு வெள்ளி மாலை, சிலுவைப்பாதையின் நான்காம் தலத்தில் மின்சாரம் நின்றது. கருவி நின்றது, பாடகற்குழுவும் நின்றது. இருட்டில் ஒருவருக்கும் அடுத்த அடி தெரியவில்லை. தலைமுறைகளாகப் பாடிய பாட்டு அது. தூணருகே அமர்ந்திருந்த இரண்டு முதிய தாய்மார் மட்டும் நடுங்கும் குரலில் தொடர்ந்தார்கள். ஏழாம் தலம் வருவதற்குள் சிலர் சேர்ந்துகொண்டார்கள். ஒன்பதாம் தலத்தில் மின்சாரம் வந்தது. கருவி பழையபடி முழங்கிற்று. மக்களும் பழையபடி வாயை மூடிக்கொண்டார்கள்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் ஓர் அரசு முப்பது ஆண்டுகள் முயன்றும் செய்ய இயலாததை, நாம் சில ஆண்டுகளில் ஒரு பெட்டியைக் கொண்டு ஏறத்தாழச் செய்துவிட்டிருந்தோம். குற்றம் பெட்டியின்மேல் இல்லை. வாசித்த பிள்ளைகள்மேலும் இல்லை. மக்கள் பாடுகிறார்களா என்று ஒரு ஞாயிறும் காது கொடுத்துக் கேட்காத நம்மீதுதான்.

பாடகற்குழுவினரை அழைத்து 'ஓர்கெல்' என்ற சொல்லின் கதையைச் சொன்னோம். இனி ஞாயிறுதோறும் வருகைப் பாடல் கருவியின்றி, மக்கள் குரலில் மட்டும் என்று முடிவாயிற்று. முதல் மூன்று ஞாயிறுகள் நன்றாகவே இல்லை. ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் ஓட, சுருதி எங்கோ போயிற்று. ஹைகன்சின் குறை நமக்கு நன்றாகவே விளங்கிற்று. நான்காம் ஞாயிறு, விசைப்பலகை வாசிக்கும் பெண்பிள்ளை, "சாமி, சத்தமில்லாம சுருதி மட்டும் புடிச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டாள். பிடிக்கச் சொன்னோம்.

இப்போது வருகைப் பாடல் அப்படித்தான் நடக்கிறது. கருவி இருக்கிறது, அதற்குமேல் ஊரின் குரல் இருக்கிறது. அந்த வண்ண அட்டையைப் பாடகற்குழுவின் அலமாரிக் கதவில் ஒட்டி, 'ஓர்கெல்' என்ற சொல்லுக்குக் கீழே தமிழில் 'கருவி' என்று எழுதி வைத்திருக்கிறோம். கொண்டுவந்து தந்த இளைஞர் போன வாரம் அதைப் பார்த்துவிட்டு, "'ல்' எங்கீங்க சாமி காணோம்?" என்று சிரித்தார்.